துருசு எடுத்துப் போட்ட கதை

குளம் சுத்தம் பண்றவன் பொழப்பு என்னன்னா, தண்ணி நல்லா இருக்கிற வரைக்கும் அவன் பேரு யாருக்கும் தெரியாது. கொஞ்சம் நிறம் மாறிச்சுன்னா சமையக்காரன்லருந்து டிரைவர் வரைக்கும் அவன் பேரைச் சொல்லித்தான் கத்துவாங்க.

இந்தத் தொழில்ல என்னோட சேர்ந்து சீரழிஞ்ச அண்ணன் தம்பிங்களா, உங்களுக்கு நான் என்னத்தைப் புதுசா சொல்லிறப் போறேன்? சேத்துத் தண்ணியை வடிகட்டிறலாம். பாசித் தண்ணின்னா தேய்ச்சுத் தள்ளிறலாம். இந்த இரும்பும் செம்பும் கரைஞ்ச தண்ணி இருக்கே, அதுதான் மனுசனை அழ வைக்கிற ரகம். பாக்குறதுக்கு யோக்கியமா இருக்கும். உள்ளுக்குள்ள என்ன வச்சிருக்குன்னு, நம்ம பேரு கெட்டதுக்கு அப்புறம்தான் காட்டும். நான் பட்டதைச் சொல்றேன். நீங்க பட்டதோட வச்சு ஒப்பிட்டுப் பாத்துக்குங்க.

தவுக்கே வீட்டு டீத்தண்ணி

அப்போ எனக்குக் கோலாலம்பூர்ல தண்ணி ஆபீஸ்ல வேலை. ஆத்துத் தண்ணியைச் சுண்ணாம்பும் படிகாரமும் போட்டுத் தெளிய வச்சு, மணல்ல வடிய விட்டு ஊருக்கு அனுப்புற இடம். பிரிக்பீல்ட்ஸ்ல ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால ஒரு ரூம்ல நானும் என் பொஞ்சாதி ஆரோக்கியமும் இருந்தோம். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் பணக்காரங்க பங்களாவுல குளம் இருந்தா, போய்ச் சுத்தம் பண்ணிக் கொடுப்பேன். வீட்டுக்குள்ளயே குளிக்கக் குளம் கட்டி வச்சிருக்கிறவங்க அப்போ ரொம்பக் கொஞ்சம் பேரு.

அதுல ஒருத்தர் ஈயச் சுரங்கம் வச்சிருந்த சீனத் தவுக்கே, முதலாளியை அங்க அப்படித்தான் சொல்லுவாங்க. கெணத்துத் தண்ணியை விட்டுக் குளத்தை நிரப்பியிருந்தாரு. தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சு. சும்மா இருக்க வேண்டியதுதானே? இருக்க மாட்டாரே. சட்டையை வெளுக்க டோபி போடுற பிளீச்சிங் பவுடரு தண்ணியை வெளுக்காதான்னு ஒரு டின்னை அப்படியே கவுத்துட்டாரு. கெணத்துத் தண்ணியில கண்ணுக்குத் தெரியாம கரைஞ்சிருந்த இரும்பு, அந்தப் பவுடரு பட்டதும் அத்தனையும் துருவா மாறிப் போச்சு. மத்தியானத்துக்குள்ள குளம் பூரா செகப்பு.

அதைத் தெளிய வைக்கிறதுக்கு ஒரே வழிதான். சுண்ணாம்பு, படிகாரம், அப்புறம் பொறுமை. துரு அத்தனையும் திரண்டு அடியில சேறா உக்காரும். அது உக்காந்ததும் மேல் தண்ணியைக் கலக்காம, ஓஸ் பைப்பால சேத்தை மட்டும் உறிஞ்சி வெளிய விடணும். இதெல்லாம் பொறுமையா எடுத்துச் சொல்றேன். தவுக்கே கரையில ஸ்டூல் போட்டு உக்காந்து, என்னமோ பவுடரை நான்தான் கொட்டின மாதிரி என்னை மேலயும் கீழயும் பாத்தாரு, பால் ஊத்தாத டீ மாதிரி இருக்குன்னு மலாய்ல இழுத்தாரு. "அந்தோணி, மாச்சாம் தே-ஓ லா! சீனி கொண்டாந்தியா?"

க்ளாங்ல இறங்குற ஆளு

ரப்பர் விலை விழுந்துச்சு, ஈயம் விழுந்துச்சு, அதுங்க விழுந்த சத்தத்துல என் வேலையும் விழுந்துச்சு. தண்ணி ஆபீஸ்ல ஆள் குறைச்சப்போ நானும் அதுல ஒருத்தன். வேலை இல்லாத தமிழாளுங்களைக் கவர்மெண்டு தன் செலவுலயே கப்பலேத்தி இந்தியாவுக்கு அனுப்பிக்கிட்டு இருந்த நேரம் அது. எனக்காவது சின்ன வயசுல பாத்த ஊரு கொஞ்சம் ஞாபகம் இருக்கு. ஆரோக்கியம் பிரிக்பீல்ட்ஸ்லயே பொறந்தவ. அவ அப்பா ரயில்வேக்காரரு, அவரைப் புதைச்சது இங்க. அவளுக்கு இந்தியான்னா கோயில் காலண்டர்ல பாத்த படம், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்துல தவுக்கே என் பேரைச் சொல்லி விட்டதுல, க்ளாங்ல மேரு ரோட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட்டுப் பெரிய தொரை ஆள் விட்டிருந்தாரு. பங்களாவுல புதுசா குளம் கட்டியிருக்காராம், தண்ணி செகப்பா நிக்குதாம். சனிக்கிழமை வெள்ளைக்கார விருந்தாளிங்க வர்றாங்க. அதுக்குள்ள தெளிஞ்சுதுன்னா எஸ்டேட்டுத் தண்ணிக்காரன் வேலையும் ஆளுங்க குடியிருக்கிற லயத்துல ஒரு வீடும் எனக்கு. தெளியலன்னா, கப்பல்தான்.

கோலாலம்பூர்லருந்து க்ளாங் போற ரயில்லதான் கப்பலேறப் போறவங்களும் வருவாங்க. க்ளாங்ல நான் இறங்கிருவேன். டிரங்குப் பெட்டியும் சுருட்டின பாயும் வச்சிருக்கிறவங்க இறங்க மாட்டாங்க, அப்படியே கப்பல் நிக்கிற போர்ட் சுவெட்டன்ஹாம் போயிருவாங்க. நான் இறங்குறதை அவங்க ஜன்னல் வழியா பாக்குற பார்வை இருக்கே, அதைப் பாத்தா அன்னைக்குப் பூரா சோறு இறங்காது. இதைப் போய் ஆரோக்கியத்துக்கிட்ட சொன்னேன். அவ சட்டியைக் கழுவிக்கிட்டே, தலையை நிமுத்தாம ஒண்ணு சொன்னா. "நீங்க க்ளாங்ல இறங்குற ஆளாவே இருங்க. அதுக்கு மேல போற டிக்கெட்டு எனக்கு வேணாம்."

பல்லிக்கூடம்

எஸ்டேட்டுக்குள்ள போன முதல் நாளே கிராணியார் என்னை ஒதுக்கமாக் கூட்டிட்டுப் போயிட்டாரு. கிராணியார்னா ஆபீஸ் கணக்கு எழுதுற பெரிய மனுசன், கையில குடை, நெத்தியில எப்பவும் வேர்வை. "தொரை தமிழ்ப் பரீச்சை பாஸ் பண்ணினவரு. ஆளுங்ககிட்ட தமிழ்லதான் பேசுவாரு. அவரு பேசுறதுல ஏதாவது வித்தியாசமா காதுல விழுந்தா விழட்டும், உன் மூஞ்சியில ஒண்ணும் தெரியக் கூடாது"ன்னாரு. எனக்குப் புரியல. அப்போ பாத்து தொரை குதிரையில வந்தாரு, லயத்துப் பக்கம் பாத்து ஒரு சத்தம். "ஏன் பிள்ளைங்க இன்னும் பல்லிக்கு போகல?"

பள்ளியைத்தான் அப்படிச் சொல்றாரு. நான் சிரிப்பை அடக்க இருமினேன். ஒரு பொம்பளை, கொஞ்சமும் சிரிக்காம, "இப்பதான் தொரை பல்லிக்கூடம் போச்சுங்க"ன்னா. பாத்தா எஸ்டேட்டே அப்படித்தான் பேசுது! மழை வந்தா "மலை வருது"ங்கிறாங்க. தொரை வாயில எது வந்துச்சோ அதுதான் அங்க தமிழ். ஏன் ஐயா, ஒருத்தராவது சொல்லக் கூடாதான்னு கிராணியாரைக் கேட்டேன். அவரு குடையை விரிச்சுக்கிட்டு நடந்தாரு, நின்னு திரும்பினாரு. "ஒருத்தன் சொன்னான். மறுநாள் காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல அவன் பேரைக் கூப்பிடல, அவ்வளவுதான்."

மங்கு போட்டுப் பாக்குறது

குளம் நல்லா கட்டின குளம். வெள்ளைச் சிமெண்டு, இறங்க ஒரு இரும்பு ஏணி. தண்ணிதான் பழுப்பு, கையை முழங்கை வரைக்கும் விட்டா விரல் தெரியல. குளத்துக்குத் தண்ணி எடுத்த கெணத்தைப் போய்ப் பாத்தேன், ஓரத்துக் கல்லுல செம்மண் மாதிரி படிஞ்சிருந்துச்சு. நல்லவேளை, தெரிஞ்ச சனியன்தான். தவுக்கே வீட்டு அதே இரும்பு.

தொரை ஒரு மங்கைக் கையில எடுத்துட்டு வந்தாரு. கித்தா மரத்துல, அதான் ரப்பர் மரத்துல, பால் பிடிக்கக் கட்டுற அந்த வெள்ளைப் பீங்கான் மங்குதான். அதைக் குளத்துல ஆழமான பக்கமா விட்டெறிஞ்சாரு. "சனிக்கிழமை காலையில இது எனக்குத் தெரியணும். தெரிஞ்சா நீ இருக்கே. தெரியலை, நீ போறே"ன்னாரு. வேற பேச்சு இல்ல.

எனக்கு ஒத்தாசைக்கு விட்டது பங்களாத் தோட்டக்காரன் முனியன். நல்ல உழைப்பாளி, சொன்ன சொல்லுக்கு மறு சொல்லு கிடையாது. அவன் பொஞ்சாதிக்கு அது நெறமாசம், இன்னைக்கோ நாளைக்கோன்னு இருந்துச்சு. சுண்ணாம்பு எடுக்க ரெண்டு பேரும் ஸ்டோருக்குப் போனோம். பக்கத்துலயே ஒரு மூட்டை துருசு இருந்துச்சு. மயில்துத்தம்னும் சொல்லுவாங்களே, அந்த நீலக் கல்லு, மலாய்க்காரங்க தெருசிங்கிறது. செம்பு கலந்த விஷம். மரப்பட்டையில பூசணம் பிடிச்சா கரைச்சுத் தடவ வச்சிருந்தாங்க. அதைத் தொடாதேன்னு முனியன்கிட்ட சொல்லிட்டு, சுண்ணாம்பையும் படிகாரத்தையும் கொண்டாந்து அளவு பாத்துக் கரைச்சு ஊத்தினோம். வியாழக்கிழமை வரைக்கும் தண்ணி அசையக் கூடாது, யாரும் இறங்கக் கூடாதுன்னு தொரைக்கும் சொன்னேன், முனியனுக்கும் சொன்னேன். முனியன் தலைப்பாகையை அவுத்து உதறிக் கட்டிக்கிட்டு, சத்தியம் பண்ற மாதிரி நின்னான். "ஒரு எல விழுந்தாலும் வாயால கவ்வி எடுத்துர்றேன் அண்ணே, தண்ணியை அசைய விட மாட்டேன்."

நீலம்

வியாழக்கிழமை காலையில எஸ்டேட் லோரியில தொத்திக்கிட்டுப் போய் இறங்கினேன். பங்களா வாசல்ல கிராணியார் நிக்கிறாரு, என்னைப் பாத்ததும் வேற பக்கம் திரும்பிக்கிட்டாரு. சேசுவே, என்னமோ ஆகிப் போச்சு. ஓடிப் போய்க் குளத்தைப் பாத்தா, நீலம்! அப்படி ஒரு நீலத்தை நான் எந்தத் தண்ணியிலயும் பாத்ததில்ல. பேனா மையைக் குடம் குடமா ஊத்தின மாதிரி நிக்குது. மாமரத்தடியில தொரை வீட்டு நாய், வாந்தி எடுத்து எடுத்துச் சோந்து கெடக்குது.

வராந்தாவுல தொரைசானி தலையில துண்டைச் சுத்திக்கிட்டு உக்காந்திருந்தாங்க. முந்தின நாள் சாயந்தரம் இந்த நீலத்தைப் பாத்துச் சந்தோசப்பட்டு, தண்ணி தெளிஞ்சிருச்சுன்னு நெனச்சு இறங்கி முங்கிக் குளிச்சிருக்காங்க. அப்புறம் சோப்புப் போட்டுத் தலை அலசியிருக்காங்க. துண்டு நழுவுச்சு. தங்க நிறத்துல இருந்த முடி அத்தனையும் பச்சை. கொழுந்து வாழை இலைப் பச்சை. தொரை படியில இறங்கி வர்றாரு, கழுத்துலருந்து காது வரைக்கும் செகப்பு. "அந்தோணி! என் பெண்சாதி தலையில நீ என்ன மருந்து போட்டே?"

இன்னொரு தடவை சொல்லுங்க தொரை

ஏணிப் படியில நீலமா ஒரு துணுக்கு ஒட்டியிருந்துச்சு. எடுத்துப் பாத்தேன், துருசு. திரும்பி முனியனைப் பாத்தேன். அவன் ரெண்டு உள்ளங்கையும் நீலம். பல்லைக் கடிச்சுக்கிட்டு, டேய், தொடாதேன்னு சொன்னேனேடான்னு கேட்டேன். அவன் அழுற குரல்ல மெதுவா சொன்னான்: "நானா தொடல அண்ணே. நேத்துக் காலையில தொரை வந்தாரு, ஏணியைக் காட்டினாரு, துருசு எடுத்துப் போடுன்னாரு. நானும் ஸ்டோர்லருந்து எடுத்தாந்து, ஏணியில இறங்கிப் போட்டேன்."

அப்பதான் எனக்கு விளங்குச்சு. புது ஏணி தண்ணி பட்டுத் துருப்பிடிச்சிருக்கு. அந்தத் துருவைச் சுரண்டி எறின்னு தொரை சொல்ல வந்திருக்காரு. துருங்கிற வார்த்தைக்குப் பதிலா துருசுன்னு வாயில வந்திருச்சு. துருசு எடுத்துப் போடு! தொரைக்கு அது துருவை அப்புறப்படுத்து. முனியனுக்கு அது நீலக் கல்லைக் கொண்டாந்து கொட்டு. ரெண்டு பேரும் ஒரே வார்த்தையைத்தான் பேசியிருக்காங்க, அதுதான் வயித்தெரிச்சல்.

இப்போ நான் என்ன செய்ய? வாயை மூடிக்கிட்டு நின்னா எனக்குக் கப்பல். முனியன்தான் போட்டான்னு கையைக் காட்டினா அவனுக்குக் கப்பல், நெறமாசப் பொம்பளையோட. உங்க தமிழ் தப்பு தொரைன்னு சொன்னா ரெண்டு பேருக்கும் கப்பல். எந்தப் பக்கம் திரும்பினாலும் கப்பல் நிக்குது. அப்புறம்தான் எனக்குக் கோவம் வந்திருச்சு. ஒரு வார்த்தைக்காக என் ஆரோக்கியம் அவ அப்பனைப் புதைச்ச மண்ணை விட்டுட்டுப் போகணுமா?

"தொரை, நேத்து முனியனுக்கு என்ன வேலை சொன்னீங்க?"ன்னு கேட்டேன். ஏணியைச் சுத்தம் பண்ணச் சொன்னேன்னாரு. "என்ன வார்த்தையில சொன்னீங்களோ, அதே வார்த்தையில இன்னொரு தடவை சொல்லுங்க தொரை. அவன் செய்யிறதை நாம பாப்போம்." பின்னால கிராணியார் என் முழங்கையைப் பிடிச்சுக் கிள்ளுறாரு. நான் நகரல. தொரைக்குத் தன் தமிழ் மேல சந்தேகமே கிடையாது. நிமிந்து நின்னு, ஏணிக்கு நேரா கையை நீட்டி, அழுத்தந்திருத்தமா சொன்னாரு. "முனியா! துருசு எடுத்துப் போடு!"

"சரிங்க தொரை"ன்னு முனியன் எடுத்தான் ஓட்டம். ஏணிப் பக்கம் இல்ல, ஸ்டோர்ப் பக்கம். "எங்கே போறான்? ஏணி இங்கே இருக்கு!"ங்கிறாரு தொரை. கிராணியார் குடையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நிக்கிறாரு. கொஞ்ச நேரத்துல மிச்சத் துருசு மூட்டையைத் தோள்ல சுமந்துக்கிட்டு முனியன் ஓடி வர்றான். வந்த வேகத்துல ஏணியில கால் வச்சு, மூட்டை வாயை அவுக்கிறான். தமிழ் ஒரு எழுத்துத் தெரியாத தொரைசானிக்குத்தான் முதல்ல விளங்கியிருக்கு, வராந்தாவுலருந்து ஒரே அலறல். முனியன் ஒரு கால் தண்ணியிலயும் ஒரு கால் படியிலயுமா நின்னு, தொரை பக்கம் திரும்பிப் பணிவா கேட்டான். "தொரை, மிச்சம் அத்தனையும் போட்டுறட்டா, இல்ல நேத்து மாதிரி பாதி போதுமா?"

களிம்பு

நான் மூட்டையைப் பிடுங்கி வச்சேன், தொரை திரும்பி நடந்தாரு. உள்ள போனாரு, கதவைச் சாத்திக்கிட்டாரு. ஏசியிருந்தாக்கூட நிம்மதியா இருந்திருக்கும். கிராணியார் எனக்காகப் பரிதாபப்பட்டாரு, அதுவும் ஒரு எரிச்சல். போ-ன்னு யாரும் சொல்லல, சொல்லாத வரைக்கும் வேலை இருக்குன்னு நான் சுண்ணாம்பைக் கரைச்சேன். செம்பையும் அது பிடிச்சு இழுத்து அடியில உக்கார வச்சிரும், அளவு மட்டும் தப்பக் கூடாது. முனியன் மூங்கிலால கலக்கினான். கலக்கி முடிச்சதும் குளத்தைச் சுத்திக் கயித்தைக் கட்டிட்டு, சாயந்தர ரயில்ல வீட்டுக்கு வந்தேன்.

நடந்ததை எல்லாம் ஆரோக்கியத்துக்கிட்ட சொன்னேன். அவ டிரங்குப் பெட்டியை இழுத்துத் தெறந்து, தட்டு முட்டெல்லாம் துணியில சுத்தி அடுக்க ஆரம்பிச்சா. பாதி அடுக்கினவ சட்டுனு நிறுத்தி, அந்தத் தலைமுடிப் பச்சை எப்படி இருந்துச்சுன்னு கேட்டா. எப்படின்னா, பித்தளையில களிம்பு ஏறின மாதிரின்னேன். பெட்டியை அப்படியே விட்டுட்டு எந்திரிச்சா. திருநாளுக்குத் திருநாள் கோயில்ல இருக்கிற பித்தளை மெழுகுத்திரித் தண்டெல்லாம் புளி போட்டு விளக்குறது அவதான்.

வெள்ளிக்கிழமை காலையில முந்தானையில ஒரு உருண்டைப் புளியை முடிஞ்சுக்கிட்டு என்னோட ரயிலேறினா. பெட்டி இல்லாம ஏறினதுல அவளுக்கு ஒரு தைரியம். தொரைசானிக்கும் வேற வழி இல்ல, மறுநாள் விருந்தாளிங்க வந்து நிப்பாங்களே. சமையக்கட்டுக்குப் பின்னால ஸ்டூல்ல உக்கார வச்சு, புளியைக் கரைச்சு ஊத்தி, ஆரோக்கியம் தேய்க்கிற தேய்ப்பைப் பாத்து எனக்கே பயமா போச்சு. ஏய், அது வெள்ளைக்காரி தலைடி, மெதுவான்னேன். அவ புளிக் கையோட நிமிந்து பாத்தா. "பித்தளைக்குப் போற களிம்பு தலைக்குப் போகாதா? நீங்க போய் உங்க தண்ணியைப் பாருங்க."

சனிக்கிழமை

விடிஞ்சதும் முனியனும் நானும் ஓஸ் பைப்பை மெதுவா அடியில இறக்கி, சேத்தை உறிஞ்சி விட்டோம். மூச்சைக்கூட அடக்கித்தான் விட்டோம். செகப்பும் பச்சையுமா சேறு சாக்கடைக் கானுக்குள்ள ஓடிச்சு. கடைசிச் சேறு போறப்போ பைப்பு நழுவி, ஆழமான பக்கம் ஒரு தடவை கலங்கிருச்சு. அந்த நேரம் பாத்து தொரை வெளிய வந்தாரு. பின்னால தொரைசானி; முடி பழையபடி தங்கம், விளக்கின பித்தளை மாதிரி மின்னுது. தொரை வியாழக்கிழமைலருந்து என்கிட்டயும் பேசல, முனியன்கிட்டயும் பேசல. கரையில வந்து நின்னு ஆழமான பக்கம் எட்டிப் பாத்தாரு.

நானும் பாத்தேன். மங்கு தெரியல. கலக்கம் மேகம் மாதிரி சுத்திக்கிட்டு இருக்கு. மாதாவே, இதுக்கா இவ்வளவு பாடுன்னு மனசுக்குள்ள கத்துறேன். சமையக்கட்டு வாசல்ல ஆரோக்கியம் செபமாலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா, அவ பக்கம் திரும்பத் தைரியம் இல்ல. தொரை நகரல. நாங்களும் நகரல. கலக்கம் கொஞ்சம் கொஞ்சமா உக்காந்துச்சு. முதல்ல வெள்ளையா ஒரு புள்ளி, அப்புறம் ஒரு வட்டம், அப்புறம் மங்கு, அதோட விளிம்புல இருந்த கீறல் வரைக்கும் தெரிஞ்சுது. முனியன் என் கையைப் பிடிச்சு நசுக்கிட்டான்.

தொரை தொண்டையைக் கனைச்சாரு. கிராணியாரைக் கூப்பிட்டாரு, டிரைவரைக் கூப்பிட்டாரு, சமையக்காரனைக் கூப்பிட்டாரு. பங்களா ஆளுங்க அத்தனை பேரும் வந்து வரிசையா நின்னோம். துரு வேற, துருசு வேறன்னு அவருக்கு இப்போ நல்லாத் தெரியும், அது மூஞ்சியிலயே எழுதியிருக்கு. சரி, ஒத்துக்கப் போறாருன்னுதான் நான் நெனச்சேன். தொரை நிமிந்து நின்னாரு. "எல்லாரும் கேளு! இந்த எஸ்டேட்ல இரும்புல வர்றது துருசு. ஸ்டோர்ல இருக்கிற நீலக் கல்லுக்கு நீங்க வேற பேர் வை! முனியா, நீ போய் ஏணி சுத்தம் பண்ணு. அந்தோணி, நீ திங்கக்கிழமை பெரட்டுக்கு வா!"

திங்கக்கிழமை பெரட்டுல என் பேரைக் கூப்பிட்டாங்க, முனியன் பேரையும் கூப்பிட்டாங்க. அந்த வாரத்துலயே அவனுக்குப் பொம்பளைப் புள்ள பொறந்துச்சு. ஆரோக்கியம் லயத்து வீட்டுல பெட்டியைப் பிரிச்சு, தட்டு முட்டெல்லாம் எடுத்து வச்சா. ஸ்டோர் மூட்டையில கிராணியார் தன் கையாலயே நீலக்கல்லுன்னு எழுதி ஒட்டினாரு. முனியன் மக வளந்து பல்லிக்கூடம் போனா, ஆணி துருப்பிடிச்சா துருசு பிடிச்சிருக்குன்னா, மலை வந்தா நனைஞ்சா, ஒருத்தரும் அவளைத் திருத்தல, நானும்தான்.

ஆக, என்னோட சேர்ந்து தண்ணியில சீரழிஞ்ச அண்ணன் தம்பிங்களா, எங்களைக் கப்பலேத்தப் பாத்ததும் துருவுக்குப் பின்னால ஒட்டின ஒரே ஒரு 'சு'தான், க்ளாங்லயே இறக்கி விட்டதும் அதே 'சு'தான்.